பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்க: குவில்ட் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல குவில்ட் பத்திதான், அதாவது துண்டுத்துணி சேர்த்த மேல்துணி, நடுவுல பஞ்சு, பின்துணின்னு மூணு அடுக்கா தைக்கிற போர்வை பத்தி, அதுவும் முக்கால்வாசி மும்பைப் பக்கத்துலேருந்து. அதனால முழுப் பக்கத்தையும் அதுக்கே ஒதுக்கிட்டேன், எம்பிராய்டரி கேள்வி அனுப்பினவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த மாசம் கண்டிப்பா எழுதறேன்.

அக்கா, எங்க சொசைட்டி கிளப் ஹவுஸ்ல சனிக்கிழமை மத்தியானம் சிலபேர் கூடி குவில்ட் தைக்கிறாங்க, நானும் போக ஆரம்பிச்சிருக்கேன். முதல்ல ஒன்பது கட்டம் வர்ற பிளாக் (சின்னத் துண்டுங்களைச் சேர்த்துத் தைக்கிற ஒரு சதுரம்) தைக்கச் சொன்னாங்க, தைச்சேன், ஆனா கட்டத்தோட மூலைங்க ஒண்ணோட ஒண்ணு சேரவே மாட்டேங்குது. கொண்டுபோய்க் காட்டினா "முதல் தடவைக்கு சூப்பர்"னுதான் எல்லாரும் சொல்றாங்க. தப்பு எங்கன்னு யாரும் சொல்லலை. இப்படியே போனா நான் எப்பதான் கத்துக்கிறது?
– வாசகி, செம்பூர்

அவங்க சூப்பர்னு சொன்னது மனசாரத்தான்மா, அதை சந்தேகப்படாதீங்க. புதுசா ஒருத்தி வந்து பயந்து பயந்து ஒரு துணியை நீட்டும்போது யாருக்கும் முதல்ல குறை சொல்ல வாய் வராது. அதனால கேக்கிற விதத்தை நீங்கதான் மாத்தணும். "எப்படி இருக்கு"ன்னு கேட்டா "நல்லாருக்கு"ன்னுதான் பதில் வரும், அதுக்கு பதிலா பிளாக்கை அப்படியே குப்புறப் போட்டு பின்பக்கத்தைக் காட்டி, கையில ஒரு ஸ்கேலையும் குடுத்து, "இந்தத் தையலுக்கு விட்ட துணி கால் இஞ்ச் இருக்கா, கொஞ்சம் அளந்து பாருங்களேன்"னு கேளுங்க. அப்ப பாருங்க, சுத்தி நாலு தலை குனியும், ஆளுக்கொரு விஷயம் சொல்லுவாங்க. குவில்ட்டோட முன்பக்கத்துல கலரும் பிரிண்ட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், தையலுக்கு எவ்வளவு துணி விட்டீங்க, எந்தப் பக்கம் மடிச்சு அயர்ன் பண்ணீங்க, நூல் இறுக்கமா தளர்வான்னு எல்லாமே பின்னாடிதான் இருக்கு.

இப்ப உங்க மூலை சேராத விஷயத்துக்கு வர்றேன். மூணு இடத்துல ஏதோ ஒண்ணுலதான் போயிருக்கும்: வெட்டினதுல, தைச்சதுல, அயர்ன் பண்ணினதுல. இதே வரிசைலதான் பாக்கணும், ஏன்னா வெட்டினதே கோணலா இருந்தா அப்புறம் எவ்வளவு ஒழுங்கா தைச்சாலும் பிரயோஜனமில்லை. மீதி இருக்கிற சதுரங்களை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிப் பாருங்க, ஓரம் எல்லாம் ஒரே கோட்டுல நிக்குதுன்னா வெட்டினது சரி.

அடுத்தது தையல். ப்ளவுஸ், சல்வார் தைச்சுப் பழகினவங்களுக்கு கால் இஞ்ச் தையல்ங்கிறது ரொம்பக் குறைச்சலா தெரியும், கை தானா அரை இஞ்சுக்குப் போகும். ஆனா குவில்ட்ல எல்லாக் கணக்கும் அந்தக் கால் இஞ்ச்லதான் நிக்குது. ஒவ்வொரு தையல்லயும் வெறும் பதினாறுல ஒரு பங்கு இஞ்ச் கூடப் பிடிச்சீங்கன்னு வைங்க, அது ரெண்டு பக்கத் துணிலேருந்தும் போறதால ஒரு தையலுக்கு அரைக்கால் இஞ்ச் குறையும், ஒரு வரிசைல 8 தையல் இருந்தா முழுசா ஒரு இஞ்ச் காணாமப் போயிடும். பக்கத்து வரிசைல அதே அளவு குறையலைன்னா மூலை எப்படிச் சேரும்?

இதைக் கண்டுபிடிக்க எல்லாரும் பண்ற ஒரு சோதனை இருக்கு. ஒன்றரை இஞ்ச் அகலத்துல மூணு பட்டை வெட்டி வரிசையா சேர்த்துத் தைச்சு அயர்ன் பண்ணிட்டு நடுப்பட்டையை அளங்க. சரியா 1 இஞ்ச் இருக்கணும், மூணும் சேர்ந்து மூன்றரை இருக்கணும். நடுப்பட்டை ஒல்லியா இருந்தா நீங்க அதிகமாப் பிடிக்கிறீங்க, அகலமா இருந்தா கம்மியாப் பிடிக்கிறீங்க. சரியா வர்ற இடம் கிடைச்சதும் ஊசிலேருந்து அந்த தூரத்துல மெஷின் பலகை மேல ஒரு டேப் ஒட்டிடுங்க, துணி ஓரம் அந்த டேப்பைத் தொட்டுக்கிட்டே போகட்டும். துணி மடியற இடத்துலயும் ஒரு நூல் அளவு போகுங்கிறதால கால் இஞ்சைவிட ஒரு இழை கம்மியாப் பிடிச்சுத் தைக்கிறதுதான் வழக்கம்.

கடைசியா அயர்ன். சட்டைக்குத் தேய்க்கிற மாதிரி பெட்டியை இழுத்து இழுத்துத் தேய்க்கக்கூடாது, அப்படித் தேய்ச்சா வெட்டின துணி நீண்டுடும், சதுரம் சதுரமா இருக்காது. தூக்கி வச்சு, அமுக்கி, தூக்கி எடுக்கணும். முதல் வரிசைத் தையலையெல்லாம் வலப்பக்கம் சாய்ச்சா ரெண்டாவது வரிசையை இடப்பக்கம், மூணாவது மறுபடி வலப்பக்கம். அப்பதான் ரெண்டு வரிசையைச் சேர்க்கும்போது தையல் மேடும் தையல் மேடும் ஒண்ணோட ஒண்ணு கச்சிதமா மாட்டி நிக்கும், விரல்ல தடவினாலே தெரியும், அங்க ஒரு பின் குத்திட்டுத் தைச்சா மூலை சேர்ந்தே ஆகணும். இதை நான் எழுதி நீங்க படிக்கிறதைவிட, அந்தக் கூட்டத்துல யாரோட மூலை உங்களுக்குப் பிடிச்சிருக்கோ அவங்க பக்கத்துல போய் உக்காந்து அவங்க விரல் எங்க போகுதுன்னு ஒரு மத்தியானம் பாருங்க. தைக்கத் தெரிஞ்சவங்க பலபேருக்கு தாங்க என்ன பண்றோம்னு வாயால சொல்லத் தெரியாது, ஆனா பக்கத்துல உக்காந்தா காட்டுவாங்க.

மேடம், எங்க வீட்ல இருக்கிறது அம்மா கல்யாணத்துக்கு வாங்கின கால்ல மிதிக்கிற கருப்பு மெஷின்தான். வீடியோல எல்லாரும் ரோட்டரி கட்டர், மேட், பெரிய மெஷின்னு வச்சிருக்காங்க. இதெல்லாம் இல்லாம ஆரம்பிக்க முடியுமா? துணி எவ்வளவு வாங்கணும்?
– வாசகி, டோம்பிவிலி

தாராளமா முடியும். குவில்ட் மேல்துணி சேர்க்கிறதுக்குத் தேவை நேர்த்தையல் மட்டும்தான், அதுல அந்தக் கருப்பு மெஷினை அடிச்சுக்க ஆளில்லை. அதோட ஊசி போற தட்டுல ஒத்த ஓட்டைதான் இருக்கும், அதனால சின்னச் சின்ன துணி மூலையை மெஷின் உள்ள இழுத்துக்கிற தொல்லை கிடையாது. எண்ணெய் போடுங்க, புது ஊசி மாட்டுங்க, போதும். கைல மெஷின்ல ரெண்டு விதமாவும் தைக்கலாம், மூணு அடுக்கையும் சேர்த்துத் தைக்கிற கட்டம் வரும்போது பாரம் ஜாஸ்தியா இருந்தா அதைக் கையால ஓட்டுத்தையல் போட்டுக்கலாம்.

வெட்டறதுக்கு நல்ல கத்தரியும், அட்டைல வெட்டின ஒரு சதுரமும் பென்சிலும் போதும். சக்கரம் மாதிரி உருட்டி வெட்டற அந்தக் கட்டரும், அதுக்கு அடில போடற மேட்டும் வேகத்துக்குத்தான். உங்க பக்கத்துல நாலு பேர் தைக்கிறாங்கன்னா சேர்ந்து ஒரு செட் வாங்கி மாத்தி மாத்தி வச்சுக்கோங்க, எல்லாரும் தினமுமா வெட்டப் போறீங்க? ஆனா அந்தக் கட்டர் பிளேடு விளையாட்டில்லை, ஒவ்வொரு வெட்டு முடிஞ்சதும் மூடி வைக்கணும், எப்பவும் உங்க உடம்புக்கு எதிர்ப்பக்கமா தள்ளித்தான் வெட்டணும். மேட்டை வெயில்ல காயவைச்சிடாதீங்க, வளைஞ்சுபோச்சுன்னா நிமிராது.

துணிக் கணக்கு சொல்றேன். முதல் குவில்ட்டுக்கு 36-க்கு 48 இஞ்ச் போதும், மடில போத்திக்கிற சைஸ். நாலரை இஞ்ச் சதுரமா வெட்டினா தைச்சப்புறம் 4 இஞ்ச் வரும், ஒன்பது சேர்ந்தா 12 இஞ்ச் பிளாக், அந்த மாதிரி 12 பிளாக். ஆகமொத்தம் 108 சதுரம். 44 இஞ்ச் அகலத் துணில ஒரு பட்டைக்கு 9 சதுரம் வரும், அதனால 12 பட்டை, 54 இஞ்ச் நீளம். சுருங்கறதுக்கும் கை தவறுறதுக்கும் சேர்த்து எல்லாக் கலரும் சேர்ந்து ஒன்றே முக்கால் மீட்டர் எடுங்க. பின்துணி மேல்துணியைவிட நாலு பக்கமும் 3 இஞ்ச் பெருசா இருக்கணும், ஒன்றரை மீட்டர் எடுத்தா வந்துடும். ஓரத்தைச் சுத்தி மூடித் தைக்க ரெண்டரை இஞ்ச் அகலத்துல 5 பட்டை, அரை மீட்டர் தாராளம். துணி வாங்க மங்கள்தாஸ் மார்க்கெட்டுக்கு சி.எஸ்.எம்.டி ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே போயிடலாம், ஞாயித்துக்கிழமை மட்டும் போகாதீங்க, மூடியிருக்கும். தனியா போறதைவிட கூட தைக்கிற ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. அத்தனை துணியை ஒண்ணாப் பாத்தா நமக்குக் கண்ணைக் கட்டிடும், எல்லாமே பெரிய பூவா எடுத்துட்டு வந்துடுவோம், பக்கத்துல ஒரு ஆள் இருந்தா "ஒரு பிளெயினும் ஒரு சின்ன பிரிண்ட்டும் எடு"ன்னு கையைப் பிடிச்சு நிறுத்துவாங்க.

கொலுவுக்கு வச்சுக்குடுத்த பிளவுஸ் பிட் பீரோ நிறைய இருக்கு அக்கா. அதுல குவில்ட் தைக்கலாமா? சாயம் போகுமோன்னு பயமா இருக்கு.
– வாசகி, காட்கோபர்

முதல்ல எது காட்டன்னு பிரிச்சுக்கோங்க. ஓரத்துலேருந்து நாலு இழை உருவி, சிங்க் பக்கத்துல நின்னு இடுக்கில பிடிச்சுக் கொளுத்துங்க. காகிதம் எரியற வாசனையோட பொடிச்சாம்பலா உதிர்ந்தா காட்டன். உருகி, கெட்டியா ஒரு மணி மாதிரி நின்னா பாலியஸ்டர். காட்டனை மட்டும் எடுத்துக்கோங்க, பாலியஸ்டர் கலந்தது அயர்ன் சூட்டுல வேற மாதிரி நடந்துக்கும், மடிப்பும் நிக்காது. ரூபியா துணி மெல்லிசுதான் ஆனாலும் நல்லா வரும்.

சாயத்துக்கு, ஒவ்வொரு பிட்டையும் ஈரமாக்கி ஒரு வெள்ளைத் துணி மேல வச்சு அமுக்கிப் பாருங்க. சிவப்பு, கருநீலம், மெரூன், கலம்காரி இதெல்லாம் கட்டாயம் பாக்கணும். வெட்டறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் துவைச்சுக் காயவச்சு அயர்ன் பண்ணிடுங்க, சுருங்கறது எல்லாம் அப்பவே சுருங்கிடட்டும். உப்புத் தண்ணில ஊறவச்சா சாயம் நிக்கும்னு வீட்டுக்கு வீடு சொல்லுவாங்க, சாயம் ஏத்தும்போதுதான் உப்புக்கு வேலை, கடைல வாங்கின துணிக்கு அதுல பிரயோஜனம் இல்லை. மூணு நாலு துவைப்புக்கு அப்புறமும் விடற துணியை இரக்கம் பாக்காம ஒதுக்கிடுங்க. ஒருவேளை தைச்சு முடிச்ச குவில்ட்ல சாயம் இறங்கிட்டா காயவிடவே விடாதீங்க, அயர்ன் பக்கமே போகாதீங்க, ஈரத்தோடயே மறுபடி சோப்புத் தண்ணில ஊறப்போட்டு அலசுங்க, காயாத வரைக்கும் எடுக்க வாய்ப்பு இருக்கு.

மும்பைல இருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. மூணு அடுக்கையும் சேப்டி பின் குத்தி வச்சுட்டு அப்புறம் தைச்சுக்கலாம்னு மழைக்காலத்துல மூட்டை கட்டி வச்சுடாதீங்க, ஈரக்காத்துல பின் துருப்பிடிச்சு ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு பழுப்புப் புள்ளி விழுந்துடும், அது போகவே போகாது. ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும் பின்னுக்கு பதிலா நூல்லயே நீள நீளமா தற்காலிகத் தையல் போட்டு வைங்க.

நான் ரிட்டயர் ஆனவன். பேத்தி பிறந்திருக்கிறாள், என் கையால் ஒரு சின்ன குவில்ட் தைத்துத் தரவேண்டும் என்று ஆசை. எங்கள் பகுதியில் கற்றுக்கொடுக்கும் குழுவில் எல்லோரும் பெண்கள். போய் உட்காரக் கூச்சமாக இருக்கிறது.
– வாசகர், முலுண்ட்

போங்க சார். நம்ம ஊர்ல டெய்லர் கடைல உக்காந்திருக்கிறவங்க பாதிப்பேர் ஆம்பளைங்கதானே, ஊசி பிடிக்கிறதுல என்ன கூச்சம். முதல் நாளே "பேத்திக்குத் தைக்கணும், எனக்கு ஊசில நூல் கோக்கிறதுலேருந்து சொல்லிக்குடுங்க"ன்னு சொல்லிடுங்க, அப்புறம் உங்களை யாரு தனியா விடப்போறாங்க. கைத்தையலா இருந்தா நடுவிரலுக்கு ஒரு விரல்கவசம் போட்டுப் பழகுங்க, முதல்ல இடைஞ்சலா இருக்கும், ஆனா அது இல்லாம மூணு அடுக்குல ஊசியைத் தள்ளினா விரல் புண்ணாகிடும்.

ஒரே ஒரு விஷயம் கவனிங்க சார், குழந்தைக்கு ஒரு வயசு ஆகிற வரைக்கும் தூங்கும்போது போர்வை, குவில்ட் எதுவுமே தொட்டில்ல போடக்கூடாதுன்னுதான் குழந்தை டாக்டருங்க சொல்றாங்க, மூச்சு முட்டற ஆபத்து இருக்கு. அதனால தரைல விரிச்சு, நீங்க பக்கத்துல உக்காந்துக்கிட்டு, அவளைக் குப்புறப் போட்டு விளையாட விடுங்க. பட்டன், மணி எதையும் மேல தைக்காதீங்க.

போன வருஷம் என் மாமியார் தவறிட்டாங்க. அவங்க கட்டின நூல் புடவைங்க என்கிட்டதான் இருக்கு, சுங்குடி, செட்டிநாடு, ரெண்டு மூணு ஒன்பது கஜமும் உண்டு. என் நாத்தனாருங்களுக்கும் எனக்கும் ஆளுக்கொரு குவில்ட் தைக்கணும்னு நெனைக்கிறேன். ஆனா கத்தரியைக் கைல எடுத்தா வெட்ட மனசு வரலை. கத்துக்குட்டி நான், கெடுத்துட்டா திரும்பக் கிடைக்காதே.
– வாசகி, மாட்டுங்கா

கத்தரியைக் கீழ வைங்கம்மா, வெட்டாமலேயே தைக்க வழி இருக்கு. உங்க பில்டிங்லயோ பக்கத்துலயோ வயசான மராட்டி ஆஜி (பாட்டி) யாராவது இருந்தா அவங்ககிட்ட கோதடி பத்திக் கேளுங்க. அவங்களும் ஒன்பது கஜம் கட்டினவங்க, பழசான நவ்வாரிப் புடவையை அப்படியே மடிச்சு அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுப் போர்வையாக்கிடுவாங்க. நடுவுல பஞ்சு கிடையாது, புடவைக்குள்ள புடவைதான். ஒன்பது கஜம்னா எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் கூட, அதை நாலா மடிச்சா ரெண்டு மீட்டர் நீளத்துக்கு நாலு அடுக்கு, ஒரு ஆள் படுத்துக்கிற அளவு. கத்தரி தொட வேண்டிய அவசியமே இல்லை. மும்பை குளிருக்கு அது தாராளம், கடைல விக்கிற பாலியஸ்டர் பஞ்சு வச்சா இந்த ஊர்ல வேர்த்துக் கொட்டும்.

ஆறு கஜப் புடவைங்களை எல்லாருக்கும் பங்கு பிரிச்சுக்க கொஞ்சம் வெட்டித்தான் ஆகணும். அதுக்கும் அளவு பாத்து பிளாக் தைக்கணும்னு இல்லை. கர்நாடகாவுல உத்தர கன்னடப் பக்கம் சித்தின்னு ஒரு சமூகத்துப் பொண்ணுங்க கவண்டின்னு ஒண்ணு தைக்கிறாங்க, ஆப்பிரிக்காவுலேருந்து வந்தவங்களோட வம்சாவளி அவங்க. பழந்துணித் துண்டை ஓரத்துலேருந்து வச்சு, விளிம்பை விரலாலயே மடிச்சு, அடில இருக்கிற துணியோட சேர்த்து ஓட்டிக்கிட்டே சுத்திச் சுத்தி நடுவுக்கு வந்து முடிப்பாங்க. துண்டு எந்த சைஸ்ல இருந்தாலும் அதுக்கு ஒரு இடம் கிடைச்சுடும். கத்துக்குட்டிக்கு இதைவிட இணக்கமான முறை எனக்குத் தெரிஞ்சு இல்லை.

இன்னொரு விஷயம் சொல்லணும் உங்களுக்கு. அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல ஜீஸ் பெண்ட்னு ஒரு சின்ன ஊர், கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையா குவில்ட் தைக்கிற ஊர். அங்க 1942-ல மிசௌரி பெட்வேங்கிறவங்க, தன் வீட்டுக்காரர் இறந்தப்புறம் அவர் வேலைக்குப் போட்டுட்டுப் போன துணிங்களையே பிரிச்சு ஒரு குவில்ட் தைச்சாங்க, அவரை நெனச்சுக்கிட்டு அதுக்குள்ள போத்திப் படுத்துக்கணும்னு. வெளுத்துப்போன இடம், ஒட்டுப்போட்ட இடம் எல்லாம் அப்படியே இருக்கும். அந்த ஊர்க் குவில்ட்டுங்களை 2002-ல ஹூஸ்டன் மியூசியத்துல கண்காட்சியா வச்சாங்க, 2006-ல அமெரிக்கத் தபால்துறை தபால்தலையே வெளியிட்டுச்சு. உங்க மாமியார் புடவைல மஞ்சள் கறை இருந்தா, முந்தானை ஓரம் நைஞ்சிருந்தா அதை ஒளிக்க வேண்டியதில்லைன்னுதான் நான் நெனைக்கிறேன்.

ஆனா நைஞ்ச துணிக்குன்னு சில ஜாக்கிரதை உண்டு. ஒவ்வொரு புடவையையும் ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாருங்க, சல்லடையா தெரியற இடத்தை மேல வைக்காதீங்க, உள்அடுக்குக்குப் போட்டுடுங்க. பழந்துணியோட முறுக்கான புதுத்துணியைச் சேர்த்துத் தைக்காதீங்க, புதுசு பழசை இழுத்துக் கிழிச்சுடும். சுங்குடி சாயம் விடுமான்னு மேல சொன்ன மாதிரி பாத்துக்கோங்க. ஜரிகை உடம்புல உரசும், அதை எடுத்துத் தனியா வச்சுக்கோங்க. எல்லாத்துக்கும் முன்னாடி, மடிப்பைப் பிரிச்சு முழுப் புடவையா ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்துடுங்க.

நாத்தனாருங்களையும் கூப்பிட்டு உக்கார வைங்க, தைக்கத் தெரியாட்டியும் பரவாயில்லை, ஓட்டுத்தையல்தானே, ஆளுக்கொரு பக்கத்துலேருந்து ஆரம்பிச்சா போதும். ஒவ்வொருத்தர் தையல் நீளமும் வேற வேறயா வரும், பிரிச்சு ஒழுங்கு பண்ணாதீங்க. அவங்க அம்மா புடவை அது, அவங்க கையும் அதுல இருக்கட்டும்.

எங்க பக்கத்துல குவில்ட் குரூப் எதுவும் இல்லை. நாமளே ஆரம்பிக்கலாமா? எத்தனை பேர் வேணும்?
– வாசகி, வசாய்

உங்களோட சேர்த்து ரெண்டு பேர் போதும். முதல் மாசம் எல்லாரும் ஒரே பிளாக்கைத் தைங்க, அப்பதான் ஒருத்தர் தையலை ஒருத்தர் பக்கத்துல வச்சுப் பாக்க முடியும். முடிச்சதை மட்டும் கொண்டுவர்றதுன்னு வழக்கம் வச்சுக்காதீங்க, பாதில நிக்கறதைத்தான் கொண்டுவரணும், சிக்கினது எங்கன்னு அங்க உக்காந்தே பிரிச்சுப் பாக்கலாம். தையல் பிரிக்கிற ஊசி ஆளுக்கொண்ணு இருக்கட்டும். ரெண்டு மெஷினும் அயர்ன் பாக்ஸும் ஒரே எக்ஸ்டென்ஷன் கார்டுல மாட்டாதீங்க, இடம் பாக்கப் போகும்போதே சுவத்துல எத்தனை பிளக் பாயின்ட் இருக்குன்னு பாத்துட்டு வாங்க.